நின்ற வண்டிக்கு ஒரு மெமோ

குழந்தைகளுக்குச் சிறப்பாக அவசர சிகிச்சை செய்த ஆம்புலன்ஸ் குழுக்களுக்கு இந்த ஆண்டு விருது கொடுக்கிறார்களாம். விழாவுக்கு ஒரு மலரும் போடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி வண்டியில் வேலை பார்க்கும் நித்யா என்ற பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்து, பழைய காலத்து ஆம்புலன்ஸ் வேலையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதித் தரச் சொன்னாள். அவள் வண்டிக்கும் விருது உண்டு. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆம்புலன்சையும் விருதையும் ஒன்றாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஏன் என்று எழுதுகிறேன். அது நல்லதாக இருக்கிறதா என்று அச்சுப் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் பிற்பகுதியில் மெட்ராசில் நர்சிங் படித்தேன். அதன் பிறகு குழந்தைகள் வார்டில் பயிற்சி. அங்கே கற்றதில் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது ஒன்றே ஒன்று: கைக்குழந்தையின் தலையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவது. எழுபதுகளின் தொடக்கத்தில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி, சில முதலாளிகள் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அதன் பெயரை எழுதவில்லை. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் இருந்தது. முன்னால் டிரைவர், நடுவில் ஒரு தகரத் தடுப்பு, பின்னால் நோயாளியும் நர்சும். தினமும் காலையில் பின்கதவைத் திறந்து சாமான்களைச் சரிபார்ப்பது என் வழக்கம். ஸ்டிரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், கயிற்றில் கட்டிய அதன் சாவி, கொதிக்க வைத்த ஊசிகள் உள்ள டிரம், துணி சுற்றிய சலைன் பாட்டில்கள், எலும்பு முறிவுக்கு மரச் சட்டங்கள். எல்லாம் பெரியவர்கள் அளவு. ஆக்சிஜன் முகமூடியைக் குழந்தைக்கு வைத்தால் கண், மூக்கு, வாய், மோவாய் எல்லாவற்றையும் மூடும். குழந்தைகளுக்கான சாமான்கள் வேண்டும் என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "எந்த ஃபேக்டரியில் குழந்தை வேலை செய்கிறது, சிஸ்டர்?" என்று கேட்டார். தொழிலாளி வீட்டில் குழந்தை இருக்காதா என்று கேட்டேன். சாமான்கள் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயைச் செருகி, நானே ஒரு முகமூடி செய்துகொண்டேன்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொன்னால் அது பொய். இயந்திரத்தில் சிக்கிய எத்தனையோ கைகளை வெட்டாமல் காப்பாற்றியவர். மற்ற இடங்களில் முழங்கையோடு எடுத்துவிடுவார்கள். இவர் மணிக்கணக்கில் நின்று ஒவ்வொரு விரலாகத் தைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் அதிகமாக ஆக அவர் குரல் தாழும். நாம் குனிந்து காது கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிக் குனிந்து திட்டு வாங்குவது, நின்று திட்டு வாங்குவதைவிடக் கேவலமாக இருக்கும். பேசும்போது பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார். மாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது, நாம் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. சிகிச்சை என்பது இந்தக் கட்டடத்துக்குள் நடப்பது. வேனின் வேலை கொண்டுவந்து சேர்ப்பது மட்டும். ஆகவே எவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான் கணக்கு. வேன் வரும் நேரம் பார்த்து வாசல் படியில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த மாதத்தின் வேகமான ஓட்டம் எது என்று அறிவித்து, டிரைவருக்கு ஒரு மாலையும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுப்பார். எல்லோரும் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன்.

டிரைவர் பழவேற்காட்டுக்காரர். ஹமீது பாய். கருவாட்டு வியாபாரக் குடும்பம். இவருக்கு மட்டும் கருவாட்டு வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று லாரி ஓட்டப் போய், அங்கிருந்து வேனுக்கு வந்தவர். மாலையும் இனிப்பும் பெரும்பாலும் அவருக்குத்தான் போகும். "எங்க ஊட்டுல சக்கரை வாங்குறதே இல்ல சிஸ்டரம்மா, டாக்டரு புண்ணியம்" என்பார்.

எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையை எடுத்துவந்தோம். நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல். தகப்பன் தொழிற்சாலைக் கட்டட வேலையில் இருந்தவர், மடியில் பிள்ளையை வைத்திருந்தார். நான் டம்ளர் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாய் வண்டியைப் பறக்கவிட்டார். அந்தச் சாலையில் வண்டி பறக்கும்போது உள்ளே எல்லாம் குதிக்கும். பாட்டில் குதிக்கும், சிலிண்டர் குதிக்கும், பிள்ளையின் நெஞ்சும் குதிக்கும். எஞ்சின் இரைச்சலில் காதை நெஞ்சில் வைத்தாலும் எதுவும் கேட்காது. நெஞ்சு அசைகிறது, மூச்சு இருக்கிறது என்றே தகப்பனும் நினைத்தார், நானும் நினைத்தேன். வாசலில் வண்டி நின்றது. எல்லாம் குதிப்பதை நிறுத்தின. பிள்ளையின் நெஞ்சும் நின்றது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரம் ஆகிவிட்டது என்றார்.

அந்த மாதக் கடைசியில், வேகமான ஓட்டம் என்று அறிவிக்கப்பட்டது அதுதான்.

டாக்டருக்கு அதில் தவறே தெரியவில்லை. பிள்ளை இறந்தது நோயால். வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டையும் குழப்பக் கூடாது. மாலையைப் போட்டார். பாய் இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டுபோய் வேனின் பானெட்டின் மேல் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தார். காக்கைகள் தின்று தீர்த்தன. சாயங்காலம் நான் ஊசிகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் புள்ள எந்த எடத்துல போச்சு?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. அப்பன்காரனுக்கும் தெரியாது. மூணு பேரும் வண்டியிலதான இருந்தோம்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் முறை பிறந்தது. குழந்தை ஏறிய ஓட்டம் என்றால் வழியில் நிறுத்துவது. நான் தடுப்புத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அவர் ஓரம் கட்டி எஞ்சினை அணைப்பார். எஞ்சினை அணைப்பது முக்கியம்; வண்டி மட்டும் நின்றால் போதாது. நான் காதை வைத்து மூச்சைக் கேட்பேன், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பேன், உதடு, நகம், வயிற்றுத் தோல், தொடை இடுக்கில் நாடி. சரியாக இருந்தால் இரண்டு தட்டு, கிளம்பலாம். சரியில்லை என்றால் செய்ய வேண்டியதை அங்கேயே செய்வது. நிறுத்தும் இடங்களைப் பாயே தேர்ந்து வைத்திருந்தார். தரை சமமாக இருக்க வேண்டும், நிழல் வேண்டும், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கூடாது, சாராயக் கடைக்குப் பக்கத்தில் கூடாது. இதையெல்லாம் டாக்டரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "வேன் ஆஸ்பத்திரி இல்லை, சிஸ்டர்" என்றார். பேனா மூடி மாட்டப்பட்டது. நாங்கள் எங்கள் வழியில் நிறுத்திக்கொண்டுதான் இருந்தோம். வேகமான ஓட்டத்துக்கான மாலை அதன் பிறகு பாய்க்கு வரவில்லை. வேலை அதிகமான பிறகு எடுத்த இரண்டாவது டிரைவருக்குப் போயிற்று.

அடுத்த மழைக்காலம் முடிந்த கையோடு ஏரிக்கரைக் குப்பங்களில் வாந்திபேதி. பழவேற்காட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எங்கள் தொழிற்சாலை ஒன்றில் மூட்டை தூக்கும் ஆளின் குழந்தை என்பதால் வேனை அனுப்ப அனுமதி கிடைத்தது. அம்மா பெயர் செங்கேணி. பிள்ளை தேசம்மா, தவழ்ந்து, எழுந்து நிற்கப் பழகும் வயசு. கண் குழி விழுந்து, உச்சிக்குழி அமுங்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. அழத் தெம்பில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை என்றாள் செங்கேணி. "குடுத்தா இன்னும் போவுதும்மா" என்று எல்லோரும் சொன்னார்களாம். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் காய வைப்பது அந்தக் காலத்தில் குப்பத்தில் மட்டும் இல்லை, மாடி வீடுகளிலும் வழக்கம்தான்.

திருப்பாலைவனம் தாண்டியதும் நாடி என் விரலுக்கு அகப்படவில்லை. ஒரு தட்டுத் தட்டினேன். பாய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கிப் பின்கதவுக்கு வந்தார். காதை வைத்துக் கேட்டேன். மூச்சு இருந்தது, அடியில் எங்கேயோ.

"இன்னும் எவ்வளவு தூரம் பாய்?"

"தூரம் கெடக்கட்டும். தாங்குமா?"

தாங்காது என்றேன். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே ஏறினார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு வேறு மாதிரிச் சொன்னார்கள். பிள்ளையைத் துணியில் கைகால் அசையாமல் சுற்றினோம். செங்கேணி காலைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியோரத்து முடியை பிளேடால் மழித்தேன். தலையைச் சுற்றி ரப்பர் பட்டை. பாய் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள், ஆனால் ஆடவில்லை. தண்ணீர் வற்றிய உடம்பில் நரம்பு நூலைவிட மெலிந்திருக்கும். முதல் ஊசி தப்பியது. இரண்டாவதும் தப்பியது. காதுக்கு மேலே மூன்றாவது இடத்தில் ஊசி ஏறி, குழாயில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. ஓடும் வண்டியில் இதை யாராலும் செய்ய முடியாது. என்னால் மட்டும் இல்லை, எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களாலும் முடியாது.

அதற்குள் வெளியே கூட்டம். பொன்னேரி பஸ் நின்று ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவன் வேனைத் தட்டினான்.

"இன்னாயா டிரைவரு, சாவக் கெடக்குற கொயந்தைய வச்சிக்கினு மரத்தடில காத்து வாங்குறியா?"

இன்னொருவன், இறங்குடா, நான் ஓட்டுறேன் என்றான். ஒரு காரும் நின்று, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பாய் கையை எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. குனிந்தபடியே சொன்னார்:

"சத்தம் போடாதீங்கப்பா. கொயந்த மூச்சு வுடுதான்னு கேட்டுக்கினு இருக்கோம்."

கூட்டம் அடங்கியது. சலைன் வேகமாக இறங்கியது. பாட்டிலில் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகு தொடை இடுக்கில் நாடி என் விரலைத் தட்டியது. இன்னும் கொஞ்சம் போனதும் தேசம்மா வாயைத் திறந்து, கண்ணீர் இல்லாமல், எங்களைப் பார்த்து ஒரு அழுகை அழுதாள். பஸ்ஸில் வந்த ஒரு பொம்பளை செங்கேணியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாகக் கிளம்பினோம். வழியில் இன்னும் இரண்டு தடவை நிறுத்திக் கேட்டோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன் பிள்ளை என் சேலையை நனைத்துவிட்டாள். அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது. சிறுநீர் போகிறது என்றால் பிழைத்துவிட்டது.

வாசல் படியில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பாய்க்கு மெமோ வந்தது. புளியமரத்தடியில் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனவர் ஒரு தொழிற்சாலை மேனேஜர்; டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். மெமோவில் மூன்று குற்றம்: நோயாளியை ஏற்றிய வண்டியைக் காரணமில்லாமல் பொதுச் சாலையில் நிறுத்தியது, கூட்டம் கூட விட்டது, டிரைவர் தன் இருக்கையில் இல்லாதது. நேராக டாக்டர் அறைக்குப் போனேன். நிறுத்தச் சொன்னது நான், மெமோ எனக்குத்தான் வர வேண்டும் என்றேன்.

"நீங்கள் செய்தது சரி, சிஸ்டர். அருமையான வேலை."

"அவர் நிறுத்தாமல் நான் எப்படிச் செய்வேன், சார்?"

குரல் தாழ்ந்தது. நான் குனிய வேண்டியிருந்தது.

"குழந்தை உங்கள் பொறுப்பு. வண்டி டிரைவர் பொறுப்பு. வண்டிக்கு உத்தரவு போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. இன்றைக்கு இவன் குழந்தைக்காக நிறுத்தினான் என்று விட்டால், நாளைக்கு டீ குடிக்க நிறுத்துவான்."

பேனா மூடி மாட்டப்பட்டது. பாயை வேனிலிருந்து இறக்கி வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். வேன் இரண்டாவது டிரைவர் கைக்கு முழுதாகப் போனது.

அதோடு முடிந்திருந்தால் இது உலகத்தில் நடக்கிற அநியாயங்களில் ஒன்று என்று விட்டிருப்பேன். ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா வந்தது. பந்தல், நாற்காலிகள், முதலாளிகள். குழந்தை உயிரைக் காத்த சேவைக்கு எனக்கு ஒரு பதக்கம் என்றார்கள். டாக்டர் ஒலிபெருக்கியில் என்னைப் பாராட்டினார். எங்கும் நிற்காமல் பறந்து வந்த வண்டியில், அந்தக் குலுக்கலில், கைக்குழந்தையின் தலையில் ஊசி ஏற்றிய நர்ஸ் என்றார். முதலாளிகளுக்கு அது பிடித்திருந்தது, பலமாகக் கைதட்டினார்கள்.

ஒரே ஓட்டம். நின்றது என்று மெமோ. நிற்கவில்லை என்று பதக்கம். இரண்டும் கொடுத்தது ஒரே கை.

பதக்கத்தை வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியின் பக்கம் போனேன். அந்த வயதில் எனக்குக் கோபம் வந்தால் நிதானம்தான் வரும். வண்டி பறக்கவில்லை என்றேன். வண்டி நின்றது. நின்றதால்தான் நரம்பு கிடைத்தது. நிறுத்தியவர், குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டவர், உங்கள் கார்கள் வரும்போது கேட்டைத் திறந்துவிட்டாரே, அவர்தான். அவரைக் கூப்பிட்டால் இதை அவரிடம் கொடுப்பேன்.

யாரும் கூப்பிடவில்லை. ஒரு முதலாளி லேசாகக் கைதட்டத் தொடங்கி, பக்கத்தில் யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீ வந்தது. பிற்பாடு டாக்டர் என்னிடம், நான் சொன்னது உண்மைதான் என்றும், மேடையில் சொல்லத் தேவையில்லாத உண்மை என்றும் சொன்னார். அப்படியானால் மெமோவைத் திரும்பப் பெறுங்கள் என்றேன். அது வேறு விஷயம் என்றார். பதக்கத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பாய்க்கு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது. கேட்டருகே நின்று சிரித்தார்.

"வுடுங்க சிஸ்டரம்மா. கேட்டாண்ட நின்னா, ஏன் நின்னேன்னு எவனும் மெமோ குடுக்க மாட்டான்."

நான் சிரிக்கவில்லை. அவரும் அந்தச் சிரிப்பை அதிக நேரம் வைத்திருக்கவில்லை. வேன் வெளியே போகும்போதெல்லாம் அவர்தான் கேட்டைத் திறந்துவிட வேண்டும். குழந்தையை எடுத்துவரப் போகிற ஓட்டம் என்றால், "நிறுத்திக் கேளு நைனா" என்று புது டிரைவரிடம் சொல்வார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பறப்பான். மாலை அவனுக்கு. அப்படிப் பறந்து வந்த வண்டியின் பின்கதவைத் திறந்து, எந்த இடத்தில் போனது என்று தெரியாத குழந்தைகளை அதன் பிறகும் நான் இறக்கியிருக்கிறேன். தகரத்தில் நான் தட்டிய தட்டுகள் அவன் காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தன. மெமோவும் அவன் கண்ணில் இருந்தது.

செங்கேணி ஒரு நாள் தேசம்மாவை நடக்க விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். கேட்டில் பாயைப் பார்த்ததும், "இன்னா பாய், வண்டி இல்லாம நிக்கிற?" என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் வந்து விவரம் தெரிந்துகொண்டு, நான் தடுப்பதற்குள் டாக்டர் அறைக்குள் போய்விட்டாள். பாய் நிறுத்தவில்லை என்றால் தன் பெண் வழியிலேயே போயிருக்கும் என்று மீன் விற்கிற குரலில் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிள்ளையைத் தூக்கி மேசையில் உட்கார வைத்து, நெஞ்சைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அடுத்த ஆண்டு அரசு வேலைக்குப் போய்விட்டேன். போன இடங்களில் எல்லாம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கேட்கும் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அந்த மெமோவைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்டேன். அவர்கள் கடைசிவரை அதைத் திரும்பப் பெறவில்லை. ஹமீது பாய் கேட்டிலேயே இருந்து, கேட்டிலிருந்தே ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை.

இதையெல்லாம் நித்யாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவளும் தன் கதையைச் சொன்னாள். இப்போது எல்லா வண்டியும் ஆபீசில் ஒரு திரையில் தெரியுமாம். எங்காவது கொஞ்சம் நின்றால் உடனே போன் வருமாம், வண்டி ஏன் நிற்கிறது என்று. விருது கிடைத்த அதே ஓட்டத்தில், வலிப்பு வந்த ஒரு குழந்தைக்காக வழியில் நிறுத்தியிருக்கிறார்கள். விருது வாங்க மேடைக்கு அவளை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டிய அண்ணனிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"அவரு இன்னா எழுதிக் குடுக்கிறதுன்னு தெரியாம பேஜாராகி உக்காந்துக்கினு இருக்காரும்மா" என்றாள்.

எழுதிக் கொடுக்க ஒரே ஒரு வரி போதும் என்றேன். அதைச் சொன்னேன். அந்த ஆபீசில் இருக்கிறவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன். அடுத்த தடவை வண்டி ஏன் நிற்கிறது என்று போன் போடுவதற்கு முன்னால் படித்துக்கொள்ளட்டும்.

சத்தம் போடாதீங்கப்பா. கொயந்த மூச்சு வுடுதான்னு கேட்டுக்கினு இருக்கோம்.